எங்கள் கேண்டீனில் இனி சிப்ஸும் குளிர்பானமும் கிடைக்காது

அன்புள்ள பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து, நாங்கள் நடத்தும் பள்ளி கேண்டீன்கள் எதிலும் பாக்கெட் சிப்ஸ், குளிர்பானம், க்ரீம் பிஸ்கட், மிட்டாய், டப்பாவில் அடைத்த பழச்சாறு எதுவும் இருக்காது. யாரும் சொல்லிச் செய்யவில்லை, நாங்களே எடுத்த முடிவு. பிள்ளைகள் வீட்டுக்கு வந்து முறையிடுவதற்குள் காரணத்தை நாங்களே சொல்லிவிடுகிறோம்.

முதலில் ஒரு தொழில் விஷயம். கடையில் எது விற்கும் என்பதைப் பெரும்பாலும் அது இருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது. பிள்ளையின் கண்ணுக்கு நேரே, கல்லாவுக்குப் பக்கத்தில் எதைத் தொங்கவிடுகிறோமோ அது முதலில் காலியாகும். இத்தனை வருடமாக அங்கே சிப்ஸ் சரத்தைத் தொங்கவிட்டது நாங்கள்தான். பழக்கூடை உள்ளே ஒரு மூலையில் இருந்தது. "பிள்ளைகள் இதைத்தானே கேட்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கேட்க வைத்ததே நாங்கள்தான். சின்ன இடைவேளை, பசி, பின்னால் நீண்ட வரிசை. அந்த நேரத்தில் எட்டு வயதுப் பிள்ளை நிதானமாக யோசித்து வாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

சர்க்கரைக் கணக்கைப் பாருங்கள். உணவில் தனியாகச் சேரும் சர்க்கரை, ஒரு நாளின் மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நாளுக்கு 1,600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு 10 சதவீதம் என்றால் 40 கிராம். 330 மில்லி கோலா ஒன்றிலேயே ஏறத்தாழ 35 கிராம் போய்விடுகிறது. அப்புறம் வீட்டில் பாலில் போடும் சர்க்கரைக்கு எங்கே இடம்?

பழச்சாற்றை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று சில அம்மாக்கள் இப்போதே கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. பிழிந்த சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் அதே நிறுவனம் தனிச் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. முழு ஆரஞ்சைச் சுளை சுளையாக மென்று தின்ன நேரமாகும், நாரும் சேர்ந்து போகும், ஒன்று முடிவதற்குள் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். மூன்று நான்கு ஆரஞ்சின் சாற்றை ஒரு நிமிடத்தில் குடித்துவிடலாம். அதனால் பழம் உண்டு, நறுக்கியே தருவோம். சாறு கிடையாது. "சர்க்கரை சேர்க்காதது" என்று பெரிதாக அச்சடித்த டப்பாவும் கிடையாது.

இதில் நாங்கள் முன்னோடிகள் இல்லை. சிலி நாடு 2016இலேயே, சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையை அச்சிட வைத்து, அவற்றைப் பள்ளிக்குள் விற்பதையும் தடுத்தது. மெக்சிகோ 2025 மார்ச் மாத இறுதியில் நாடு முழுக்கப் பள்ளிகளில் தடை கொண்டுவந்தது. அதே ஆண்டு யுனிசெஃப் வெளியிட்ட கணக்குப்படி, உலக அளவில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் எடை குறைவாக இருப்பவர்கள் 9.2 சதவீதம், உடல் பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம். 2000ஆம் ஆண்டில் பருமன் 3 சதவீதம்தான். ஒரு தலைமுறை வளர்வதற்குள் இவ்வளவு மாற்றம். அந்தக் காலம் முழுக்க எங்களைப் போன்றவர்கள் கல்லாவில் உட்கார்ந்திருந்தோம் என்பது மனதை உறுத்துகிறது.

சரி, பள்ளி வாசலைத் தாண்டினால் வாங்கத்தானே போகிறார்கள் என்பீர்கள். வாங்கலாம், அது எங்கள் கையில் இல்லை. ஆனால் தினமும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதும் என்றைக்கோ ஒருநாள் வாங்குவதும் ஒன்றல்ல. உங்கள் பிள்ளை விசேஷ நாளில் ஒரு கேக் சாப்பிடுவதைப் பற்றி எங்களுக்கு எந்தப் புகாரும் கிடையாது.

புதிய பட்டியலில் நறுக்கிய பழம், அவித்த முட்டை, பால், தயிர், அன்றன்று சமைத்த சிற்றுண்டி இருக்கும். குடிநீருக்குக் காசு இல்லை. வருமானம் குறையும் என்று தெரியும், அதற்காகச் சிற்றுண்டியின் விலையை ஏற்ற மாட்டோம். முதல் இரண்டு வாரம் சில பிள்ளைகள் எதுவும் வாங்காமல் பசியோடு வீடு திரும்பலாம். அந்த நாட்களில் மட்டும் டப்பாவில் கொஞ்சம் கூடுதலாக வைத்து அனுப்புங்கள். எது பிடிக்கவில்லை என்று அவர்களிடம் கேட்டு எங்களுக்கும் சொல்லுங்கள், மாற்றிப் பார்க்கிறோம்.

மீதமிருந்த சரக்கைத் தள்ளுபடி போட்டு மாணவர்களிடமே விற்றுத் தீர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அன்புடன்,
கேண்டீன் நடத்துவோர்