வாக்கு கேட்போர் கட்டணத்தையும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் நிறைவடைகிறது. அடுத்த தேர்தலைப் பற்றிய பேச்செல்லாம் யாருக்குச் சீட்டு, எந்த வார்டு மகளிருக்கு என்பதோடு நின்றுவிடுகிறது. கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளிலும் நிற்கவிருப்பவர்கள் குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பை ஆகியவற்றில் என்ன செய்யப் போகிறார்கள், அதற்கான பணத்தை யாரிடம் வாங்கப் போகிறார்கள் என்பதைத் தங்கள் இதழ் கேட்டு வெளியிட வேண்டும் என்று வேண்டவே இக்கடிதம்.

சென்ற முறை நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 2022 பிப்ரவரி 19-இல் வாக்களித்தோம். 22-இல் முடிவு வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. எங்கள் மாநகராட்சியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 சதவீதம் என்று தொடங்கி, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதம் வரை அந்த உயர்வு இருந்தது. மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்கான மானியத்துக்கு விதித்த நிபந்தனையை மாநில அரசு காரணமாகக் காட்டியது. உயர்வு நியாயமா என்பது தனிப் பேச்சு. ஆனால் அந்தத் தேர்தலின்போது எங்கள் வீட்டுக்கு வந்த துண்டறிக்கைகளில் தலைவர்களின் படமும் சின்னமும் பாதியை அடைத்துக்கொள்ள, மீதியில் 'தடையற்ற குடிநீர், தரமான சாலை, பளிச்சென்ற தெருவிளக்கு' என்று கட்சி வேறுபாடின்றி ஒரே வாசகம்தான் இருந்தது. வரி என்ற சொல் ஒன்றில்கூட இல்லை.

குடிநீர் இன்னும் பெரிய விஷயம். 24 மணி நேரக் குடிநீர் வழங்கலுக்காக 26 ஆண்டு ஒப்பந்தம் ஒன்று பிரான்சைச் சேர்ந்த சூயஸ் நிறுவனத்துக்கு 2018-இல் அளிக்கப்பட்டது. 2016 அக்டோபரில் முந்தைய மன்றத்தின் காலம் முடிந்து, 2022 மார்ச் வரை அரசு நியமித்த தனி அலுவலரே மாநகராட்சியை நடத்தி வந்ததால், கால் நூற்றாண்டைத் தாண்டும் ஒரு முடிவு மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு உறுப்பினர்கூட இல்லாத காலத்தில் எடுக்கப்பட்டது. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநகராட்சியிடமே இருக்கும் என்று நிர்வாகம் கூறி வந்திருக்கிறது. அப்படியானால், மீட்டர் ஓடத் தொடங்கியபின் எத்தனை லிட்டர் வரை என்ன விகிதம், பொதுக் குழாயை நம்பியிருக்கும் வீடுகளுக்கு என்ன வழி என்ற தீர்மானங்கள் மாமன்றத்துக்கு வரும்போது கை தூக்குவாரா, எதிர்ப்பாரா என்பதை வேட்பாளர் இப்போதே சொல்லக் கடமைப்பட்டவர்.

பாதாளச் சாக்கடையிலும் இதே கதைதான்: இணைப்பு தருவேன் என்பார்கள், வைப்புத்தொகையும் மாதக் கட்டணமும் எவ்வளவு என்று சொல்லமாட்டார்கள். மாநகராட்சியின் குப்பை கொட்டப்படும் வெள்ளலூர் கிடங்கை அகற்றுவேன் என்பவர், தம் வார்டுக் குப்பையைத் தரம் பிரித்துக் கையாளும் மையத்தைத் தம் வார்டிலேயே அமைக்கச் சம்மதிப்பாரா என்பதைச் சொல்வதில்லை. வெள்ளலூர்க்காரர்கள் புகையை மூச்சில் வாங்கிக்கொண்டிருப்பதற்கு மாநகராட்சி வார்டுகளின் இந்த மௌனமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

மன்றத்தின் எல்லையையும் வாக்காளர் அறிந்திருக்க வேண்டும். அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணையில் குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு உள்ளிட்ட, நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் உள்ளன. வீட்டு மின்கட்டணமும் நகரப் பேருந்தும் மாநில அரசின் கையில் இருப்பவை. அவற்றைக் குறைப்பேன், கூட்டுவேன் என்று வாக்கு கேட்பது பிறர் பணப்பெட்டியைக் காட்டிக் கடன் வாங்குவதைப் போன்றது. (மாமன்ற உறுப்பினர் நினைத்தால் ரேஷன் அட்டை கிடைத்துவிடும் என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள், நம்ப வைப்போரும் இருக்கிறார்கள்.)

வேட்புமனுவுடன் தரும் உறுதிமொழிப் பத்திரம் சொத்தையும் வழக்குகளையும் கேட்கிறது. செய்யவிருக்கும் வேலையைக் கேட்பதில்லை. ஆகவே, வேட்பாளர் இறுதிப் பட்டியல் வெளியானதும் தண்ணீர்க் கட்டணம், சாக்கடை இணைப்பு, குப்பை மையம், சொத்து வரி என்ற நான்கு கேள்விகளைத் தாங்கள் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் அனுப்பி, வந்த பதில்களை வார்டு வாரியாக அப்படியே அச்சிட வேண்டுகிறேன். பதில் தராதவரின் பெயருக்கு நேரே இடத்தைக் காலியாக விட்டால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.