கிடையையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆட்டை மேய விடாமல், உயர்த்திக் கட்டிய பலகைத் தரையில் அடைத்துத் தீவனம் போட்டு, பரண் மேல் ஆடு வளர்ப்பது பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொட்டகைக்கு என்ன ஆகும், தீவனத்துக்கு என்ன ஆகும், குட்டி என்ன விலைக்குப் போகும், மானியம் எவ்வளவு என்று எல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் வெள்ளாட்டுக்குப் போட்ட கணக்கை அப்படியே செம்மறிக்கும் பொருத்திவிட்டு, மேய்ச்சல் முறை இனி கட்டுப்படியாகாது என்று ஒரே வரியில் முடித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் ஆடு வளர்ப்பவன் இல்லை. வருஷா வருஷம் வயலில் செம்மறிக் கிடை போடுகிற, அதாவது எருவுக்காக மந்தையை ராத்திரியில் வயலிலேயே அடைக்கச் சொல்லிக் கூலி கொடுக்கிற டெல்டா விவசாயி. அந்தப் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

உங்கள் கட்டுரையில் வரவு என்று இருப்பது கறி ஒன்றுதான். எருவைப் பற்றி, "விற்றால் உபரி வருமானம்" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் செம்மறியின் முதல் வரவே அந்த எருதான் சார்.

தை, மாசியில் சம்பா தாளடி அறுத்து, தாளுக்குள் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் எடுத்த பிறகு வயல் சும்மா கிடக்கும். மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் கிடை போட்டு முடித்தாக வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது மேய்ப்பர்களின் தலைவர்கள், மந்தையை நடத்தியே கொண்டு வருவார்கள். ஒரு மந்தையில் நாலைந்து குடும்பத்து ஆடுகள் சேர்ந்திருக்கும். எந்த ஊருக்குப் போவது, யார் வயலில் எத்தனை ராத்திரி, ராத்திரிக்கு என்ன கூலி என்று பேசி முடிப்பது கீதாரியின் வேலை. பகலெல்லாம் தரிசிலும் வரப்பிலும் மேய்ந்த ஆடுகளைப் பொழுது சாயும்போது வயலுக்கு ஓட்டிவந்து, சுற்றிலும் வலை கட்டி அடைப்பார்கள். பால்குடிக் குட்டிகள் பகலில் பின்னிய கூண்டுக்குள் இருக்கும். மந்தை வந்து சேர்ந்ததும் கூண்டைத் தூக்கிவிட்டால் அத்தனை குட்டியும் கத்திக்கொண்டு ஓடும், அந்த நெரிசலில் எது எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று கீதாரி வீட்டு அம்மாவுக்குத் தெரியும், தாயிடம் ஒட்டாத குட்டியைப் பிடித்து மடியில் வாயை வைத்துவிடுவார். மறுநாள் வலை பக்கத்துத் துண்டுக்கு நகரும்.

விடிந்து போய்ப் பார்த்தால் புழுக்கை வயல் முழுக்கச் சீராகப் பரவியிருக்கும், மூத்திரம் ஊறி மண் நிறமே மாறியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் மேலாக ஓர் உழவு ஓட்டி மண்ணோடு கலந்துவிட வேண்டும், விட்டால் சத்து ஆவியாகப் போய்விடும். ஆட்டு எருவில் சராசரியாக 3 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), 1 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 2 சதவீதம் சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. கொட்டகையில் கூட்டி அள்ளிக் குழியில் போடும்போது மூத்திரத்தில் இருக்கும் சத்து வீணாகிறது, கிடையில் அது நேராக மண்ணுக்குப் போகிறது என்பதும் அவர்கள் சொல்வதுதான். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. கிடை போட்ட வயலில் யூரியா மூட்டை குறைகிறது, நாற்றின் பச்சையிலேயே வித்தியாசம் தெரிகிறது. அள்ளுகூலி இல்லை, வண்டி வாடகை இல்லை, ஆடே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறது. இந்தக் கிடைக்கூலியில்தான் அந்தக் குடும்பங்களுக்குக் கோடைச் செலவு நடக்கிறது. இது ஆடு வளர்ப்பின் கணக்கில் வராது என்றால் எதில் வரும்?

மேய்ச்சல் என்றால் ஊர் ஊராகப் போவது மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். கரூர், காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொறங்காடு என்று ஒன்று இருக்கிறது. மானாவாரி நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மழை பெய்தால் புல் எழும், கோடையில் வெள்வேலங்காய் உதிரும், நிழலும் கிடைக்கும். வேலிக்குள் ஆட்டை விட்டுவிட்டால் கூடவே நிற்க ஆள் வேண்டாம், காட்டை மாற்றி மாற்றி அடைத்தால் போதும். அங்கே நிற்பது பெரும்பாலும் மேச்சேரி ஆடு. கம்பளி கிடையாது, குட்டை மயிர்தான். ஆனால் அதன் தோலுக்குத் தோல் தொழிற்சாலைகளில் தனி மதிப்பு. உங்கள் கட்டுரையில் தோல் என்ற வார்த்தையே இல்லை. கோயம்புத்தூர் ஆடு, திருச்சி கருப்பு என்ற செம்மறி இனங்களின் முரட்டு மயிரில் நெய்த கம்பளி ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது, இப்போது வாங்க ஆளில்லை, கத்தரிக்கிற கூலிகூட மிஞ்சாது. அது போய்விட்டதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எருவும் தோலும் போய்விட்டதாக ஆகாது.

பரணை நான் குறை சொல்லவில்லை. இடம் இல்லாதவர்கள், ஈரத்தில் குளம்பு அழுகும் ஊர்க்காரர்கள், தழை வெட்டிப்போட ஆள் இருப்பவர்கள் வெள்ளாடு வளர்க்கட்டும், நல்லது. ஆனால் அரசு பணமும் கவனமும் அந்தப் பக்கமே போகிறது. தேசிய கால்நடை இயக்கத்தில் 500 பெட்டை, 25 கிடா வைத்துப் பண்ணை போட்டால் செலவில் பாதி, 50 லட்ச ரூபாய் வரைக்கும் மானியம். சின்னப் பண்ணைக்கும் அதற்குத் தக்கபடி உண்டு. சரி, அதை வாங்க நிலத்துக்குக் காகிதம் வேண்டும், வங்கிக் கடனோ கையில் முதலோ வேண்டும். அதைவிடப் பெரிய மந்தையை இன்று நடத்திக்கொண்டிருக்கும் கீதாரி கையில் இது எதுவும் இல்லை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2012-லிருந்து நாடு முழுக்கச் செம்மறி 14 சதவீதம் கூடியிருக்கிறது, தமிழ்நாட்டிலோ ஏறக்குறைய 48 லட்சத்திலிருந்து 45 லட்சமாகக் குறைந்திருக்கிறது. ஏன் குறைகிறது என்று எங்கள் ஊரில் நின்று பார்த்தாலே பாதி புரியும். போர்த் தண்ணீர் உள்ளவர்கள் கோடையிலும் நெல், பருத்தி போடுகிறார்கள், ஊடே போக வழியில்லாமல் மந்தை தார் ரோட்டில் நடக்கிறது, லாரி அடித்து ஆடு சாகிறது. வைக்கோலை இயந்திரம் வந்து கட்டிக்கொண்டு போகிறது. மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கிற இடத்தில் கட்டடம் நிற்கிறது. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் தெருநாய் கடித்துப் பட்டி பட்டியாக ஆடு செத்து விவசாயிகள் ரோட்டுக்கு வந்ததை நீங்களும் செய்தி போட்டிருப்பீர்கள். தடுப்பூசி விஷயம் இன்னும் வேதனை. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போடும் முகாம் ஊர்வாரியாக நடக்கிறது, முகாம் நடக்கும் நாளில் மந்தை வேறு மாவட்டத்தில் இருக்கிறது. எங்கள் வயலில் கிடை கிடந்தபோது குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டு பக்கத்து மருந்தகத்துக்கு ஆள் அனுப்பினோம், வெளியூர் ஆடு என்று இழுத்தடித்தார்கள். மருந்து வருவதற்குள் நல்ல நல்ல குட்டிகள் போய்விட்டன. கீதாரி வீட்டு அம்மா அழுததைப் பார்க்க முடியவில்லை.

2024-ல் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில் முதல் தடவையாக மேய்ச்சல்காரர்களின் கால்நடைகளைத் தனியாக எண்ணினார்கள். 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது. எண்ணியதோடும் அறிவித்ததோடும் நிற்கக்கூடாது. மந்தை எந்த மாதம் எந்த வட்டத்தில் இருக்கும் என்பது எங்கள் ஊர்ச் சின்னப்பையனுக்குக்கூடத் தெரியும், கால்நடைத் துறை அந்த மாதம் அங்கேயே ஊசி போடலாமே. கிடை போடும் விவசாயிக்கு இயற்கை உரத் திட்டத்தில் ஒரு தொகை கொடுத்தால், அது நேராகக் கீதாரி கைக்குத்தான் போகும்.

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். சித்திரை, வைகாசியில் ஒரு நிருபரை எங்கள் பக்கம் அனுப்புங்கள். கீதாரியின் வரவு செலவையும் கிடை போட்டவன் உரச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எழுதட்டும். என் கணக்கு நோட்டை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்