ஹூஸ்டன் வரைபடமும் எங்கள் குப்பைமேடும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காலநிலை நீதி பற்றிப் பேசிவரும் அமெரிக்கச் சமூகவியல் பேராசிரியர் ராபர்ட் புல்லார்ட் குறித்து உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1979-ல் ஹூஸ்டன் நகரத்துக் குப்பை எங்கே போகிறது என்று மாணவர்களோடு தேடி, வரைபடத்தில் குறித்தவர் அவர். மாநகராட்சியின் ஐந்து குப்பைக் கிடங்குகளும் கறுப்பினத்தவர் பகுதிகளில்தான் இருந்தன. எட்டு எரிஉலைகளில் ஆறும் அங்கேயே. இத்தனைக்கும் ஊர் ஜனத்தொகையில் அவர்கள் கால்வாசிதான்.

வடசென்னைக் குப்பைமேட்டை ஒட்டிய கொடுங்கையூர் எழில் நகரில் 22 வருஷமாக இருக்கிறேன். எனக்கு அந்த வரைபடம் புதிதாகவே தெரியவில்லை. சித்திரையில் மாடியில் வடாம் காயப்போட்டால் மேலே பழைய வேட்டியைப் போர்த்திவிடுவேன். குப்பைமேட்டில் தீப்பிடித்த நாட்களில் அந்த வேட்டியே சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். இப்போது வடாம் கடையில்தான் வாங்குகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மயிலாப்பூரில் என் தங்கை வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அவள் இரண்டு நாளில் கழுவித் துடைத்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குள் வந்தது குப்பைமேட்டுக் கறுப்புத் தண்ணீரும் கலந்தது. எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் நாற்றம் பொங்கல் வரை போகவில்லை.

தென்சென்னையில் பெருங்குடியிலும்தானே கிடங்கு இருக்கிறது என்பார்கள். சரி, இருக்கிறது. பழைய குப்பையைக் கிளறிப் பிரிக்கும் வேலை அங்கே முதலில் தொடங்கியது, இங்கே பிறகுதான் வந்தது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலைக்கு மட்டும் எங்கள் ஊர் முதலில் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

உங்கள் கட்டுரையில் எனக்கு ஒரு குறை. தங்கள் பகுதியில் புதுக் குப்பைக் கிடங்கு வரக் கூடாது என்று ஹூஸ்டன்காரர்கள் போட்ட வழக்கில் தோற்றார்கள், கிடங்கும் வந்துவிட்டது என்பதோடு முடித்துவிட்டீர்கள். அப்புறம் நடந்ததுதான் எங்களுக்கு வேண்டியது. மாநகராட்சி லாரிகள் அந்தக் கிடங்கில் கொட்டக் கூடாது என்று நகர மன்றமே தீர்மானம் போட்டது. குப்பைக் கிடங்குக்கு அனுமதி கேட்பவர்கள் சுற்றுவட்டாரத்தில் யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் நிலைமை என்ன என்ற விவரத்தையும் தர வேண்டும் என்று ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸ் மாநில சுகாதாரத் துறை விதியை மாற்றியது. தெருவில் இறங்கிய ஜனங்களும் பேராசிரியரின் கணக்கும் சேர்ந்து செய்த வேலை அது.

இங்கேயும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். உலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை வீடு, எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பேருக்கு மூச்சு இழுப்பு, குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர்? அதைத் தமிழில் அச்சடித்து, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் வைத்து, எங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 2022-ல் பகுதி சபைகள் தொடங்கியபோது ஆசையோடு போனேன். தெருவிளக்கும் சாக்கடை அடைப்பும் பேசி முடிவதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. குப்பைமேட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "அது மேலிடத்து விஷயம்மா" என்றார் வந்திருந்த அதிகாரி. அந்த மேலிடம் எப்போது கூட்டம் போடும் என்று உங்கள் நிருபர் விசாரித்து எழுதினால் நல்லது. நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
எழில் நகர் வாசகி,
கொடுங்கையூர், சென்னை.