எடுத்துவிட்ட பிறகும் நிற்கும் பாட்டு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நான்கு பாடல்களையும் மூன்று இரவுகள் தொடர்ந்து கேட்டேன். டிரம்ஸ், பேஸ், வயலின் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, குரலும் கிட்டாரும் மட்டுமாக அவற்றை மீண்டும் பதிவு செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். இந்த வழிக்கு நான் எப்படி வந்தேன் என்றும் கேட்டிருக்கிறாய். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஐந்து பேர் கொண்ட குழுவோடு பாடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பதிவின்போது எங்கிருந்தோ வந்த இரைச்சலைக் கண்டுபிடிக்க ஒலிப்பொறியாளர் மற்ற எல்லா டிராக்குகளையும் மியூட் செய்தார். என் குரலும் கிட்டாரும் மட்டும் மிஞ்சின. ஆறு ஆண்டுகளாக மேடையில் பாடிவந்த அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தில், சந்தத்தை நிரப்புவதற்காக மட்டுமே நான் எழுதிய ஒரு வரி இருப்பதை அன்றுதான் கேட்டேன். அதற்கு முன் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் டிரம்ஸ் ஓங்கி ஒலித்து அந்த வரியை மூடிக் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. அன்று இரவே அந்தச் சரணத்தைத் திருத்த உட்கார்ந்தேன். முடிக்க நான்கு மாதங்கள் ஆயின.

ஆகவே கருவிகளைக் குறைப்பதைப் பதிவு மேசையில் செய்யும் வேலையாக எண்ணாதே. அது எழுதும்போதே தொடங்க வேண்டியது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ தொகுப்பை உனக்குத் தெரியும். நான்கு டிராக் கேசட் கருவியில், தன் குழுவுக்குப் பாட்டுகளைக் காட்டுவதற்கான மாதிரியாக அவர் வீட்டிலேயே பதிவு செய்தவை அவை. பின்னர் குழுவோடு முயன்று பார்த்தும் மனம் நிறையாததால், அந்தக் கேசட்டில் இருந்ததையே வெளியிட்டார். யாருக்காகவும் அழகுபடுத்தாமல் பாடியதுதான் அதன் வலிமை என்பது என் எண்ணம். அதே வேளையில், குழு இல்லாமலேயே நிற்கும்படி அந்தக் கதைகள் எழுதப்பட்டிருந்தன என்பதையும் மறந்துவிடாதே.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது வலக்கைதான். குழுவில் இருந்தவரை ஆறு தந்திகளையும் சேர்த்து மேலும் கீழுமாக வருடினால் போதும். தனியாகப் பாடும்போது கட்டைவிரல், தாழ்ந்த சுரங்களைத் தாங்கும் பேஸ் வாத்தியத்தின் வேலையைச் செய்ய வேண்டும். மற்ற விரல்கள் மெட்டை ஏந்த வேண்டும். இரண்டும் நடக்கும்போது வாய் மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு ஓராண்டு பிடித்தது. சோர்ந்துபோன நாட்களில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி எலிசபெத் காட்டனைக் கேட்பேன். இடக்கைப் பழக்கம் உள்ள அவர், வலக்கையாளருக்காகத் தந்தி கட்டிய கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்தார். அதனால் விரல்கள் பேஸையும் கட்டைவிரல் மெட்டையும் வாசித்தன. அறுபது வயதைக் கடந்த பிறகு, 1958-ல்தான் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. ஓராண்டு தாமதத்துக்காக வருந்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றும்.

பதிவைப் பற்றிச் சில சொற்கள். உன் மைக்கை கிட்டாரின் துளைக்கு நேராக வைத்திருக்கிறாய் என்று கேட்டவுடனே தெரிகிறது. தாழ்ந்த சுரங்கள் வீங்கி ஒலிக்கின்றன. கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த கம்பிகளில் பன்னிரண்டாவதற்கு, அதாவது பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு எதிரே ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தள்ளி வை. குரலையும் கிட்டாரையும் தனித்தனியாகப் பதிவு செய்யாதே. சேர்ந்து பாடினால் ஒன்றின் ஒலி மற்றொன்றின் மைக்கில் கசியும், பிறகு சுருதியைத் திருத்த இயலாது என்று அஞ்சுகிறாய். அந்தக் கசிவினால்தான் இரண்டும் ஒரே அறையில், ஒரே உடலிலிருந்து வருவதாகக் கேட்பவர் உணர்கிறார். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமையும் நிறுத்திவிடு. மூச்சு எங்கே தேவையோ அங்கே தாளம் சற்று நீளட்டும். ஆறாவது தந்தியை ஒரு சுரம் தளர்த்தி டி சுரத்துக்கு இறக்கினால், உன் முதல் பாட்டுக்கு வேண்டிய ஆழம் தானே கிடைத்துவிடும்.

ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் கடைசித் தொகுப்பு 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவானது. அறையில் அவரும் ஒலிப்பொறியாளர் ஜான் வுட்டும் மட்டுமே இருந்தனர். பிறகு ஒரே ஒரு பாட்டில் சிறிது பியானோ சேர்ந்தது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய தொகுப்பில் அவரைச் சுற்றி டிரம்ஸும் பித்தளைக் கருவிகளும் தந்திக் கருவிகளும் இருந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். முந்தையது குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிந்தையதில், ஒரு சுரம் ஒலித்து முழுவதுமாக அடங்கும்வரை அவர் காத்திருக்கும் இடங்களைக் கவனி. உன் பதிவுகளில் அந்தக் காத்திருப்பு எங்கும் இல்லை. ஒவ்வோர் இடைவெளியையும் ஏதோ ஒன்றால் அடைத்துவிடுகிறாய்.

எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தும் என்று எண்ணவும் வேண்டாம். உன் நான்காவது பாட்டு தாளத்திலேயே பிறந்தது. அதைக் குழுவோடு விட்டுவிடு. மூன்றாவதுதான் என்னை உறங்கவிடவில்லை. முதல் வரியிலிருந்தே உன் குரலின்மேல் உன் குரலையே இரண்டு முறை அடுக்கியிருக்கிறாய். நான் டிரம்ஸுக்குப் பின்னால் ஒளிந்ததைப் போல நீ உனக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறாய் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பாட்டு சொல்ல வந்தது பெரிய விஷயம். இரண்டாம் சரணத்தின் கடைசி வரியில் மட்டும் அதைச் சொல்லாமல் விலகிவிடுகிறாய். எந்த வரி என்று உனக்கே தெரிந்திருக்கும்.

அதைத் திருத்தியபின் ஒரே மூச்சில், ஒரே டேக்கில் பாடி அனுப்பு. பிசகிய சுரங்களை அப்படியே விட்டுவிடு. இரவு எந்நேரமானாலும் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா