அணியைச் சேர்த்து ஆட விடுங்கள், பள்ளிக்கூடத்தைச் சேர்க்க வேண்டாம்

இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் பாடசாலை விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமார், அம்மாமாருக்கு வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். திருகோணமலை மாவட்டத்தில் மூதூர் தொடக்கம் வெருகல் வரையுள்ள எங்கள் பக்கத்துச் சின்னப் பாடசாலைகள், இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரே அணியாகக் கோட்ட மட்ட, வலய மட்டப் போட்டிகளில் விளையாட அனுமதி தாருங்கள். கேட்பது இவ்வளவுதான்.

நான் ஏ15 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிற ஒரு பாடசாலையின் பழைய மாணவன். இப்போது மகன் அங்கே படிக்கிறான், நானும் அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறேன். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் அதிபருக்குத்தான் வரும். பாவம், அவர் ஏற்கெனவே இரண்டு வகுப்புக்குக் கணிதமும் எடுக்கிறார்.

தரம் 1 முதல் 11 வரையுள்ள ஒரு பாடசாலையில் நூற்றைம்பது பிள்ளைகள் என்று வையுங்கள். வகுப்புக்குப் பதின்மூன்று, பதினான்கு பேர் வரும். அதில் பாதி பெண் பிள்ளைகள். 16 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணிக்குப் பெரும்பாலும் தரம் 9, 10 பையன்களில்தான் கை வைக்க வேண்டும். பந்தைக் கண்டால் ஒதுங்குகிறவன், வெள்ளாமை வெட்டுக்குத் தகப்பனோடு வயலுக்குப் போகிறவன், விடியப்புறம் கரைவலைக்குப் போய்விட்டு வகுப்பில் தூங்கி விழுகிறவன், இவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் பதினொன்று தட்டுத் தடுமாறி வரும். மாற்று வீரர் என்ற பேச்சுக்கே இடமில்லை. இது எங்களுக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. நாட்டிலுள்ள பத்தாயிரம் வரையான அரச பாடசாலைகளில் ஏறத்தாழ மூவாயிரத்தில் நூறு பிள்ளைகள்கூட இல்லை.

எங்கள் பக்கத்தில் எண்ணிக்கை குறைந்ததற்கு வேறு காரணமும் உண்டு, உங்களுக்குத் தெரியாததல்ல. 2006 இல் யுத்தத்தால் சனம் இடம்பெயர்ந்து சம்பூரும் ஈச்சிலம்பற்றும் வெறித்துப்போயின. ஈச்சிலம்பற்றுச் சனம் அடுத்த வருடம் திரும்பத் தொடங்கியது. சம்பூர்ச் சனம் கிளிவெட்டி முகாமிலும் உறவுக்காரர் வளவுகளிலும் கிடந்து, 2015, 2016 இல்தான் சொந்தக் காணியில் கால் வைத்தது. இடையில் வளர்ந்த பிள்ளைகள் வேறு ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஊன்றிவிட்டார்கள். திரும்பிய குடும்பங்களிலும் வசதியுள்ளவர்கள் பிள்ளையைத் திருகோணமலை நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மிஞ்சி இருக்கிற பிள்ளைகள் எங்கே விளையாடுவது?

ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் பக்கத்து மைதானத்துக்கு வந்து பாருங்கள். மூன்று பாடசாலைப் பையன்களும் ஒரே விளையாட்டுக் கழகத்தின் ஜேர்சியில் ஒன்றாக ஆடுவார்கள். யார் யாருக்குப் பந்து போடுவான், யார் இடது காலால் அடிப்பான் என்று ஒருவனுக்கு ஒருவன் அத்துப்படி. திங்கட்கிழமை விடிந்தால் அவர்கள் மூன்று பாடசாலைக்காரர். அதனால் ஒரு அணியும் இல்லை.

அண்மையில் ஒரு போட்டிக்கு எங்கள் பையன்களோடு நானும் போயிருந்தேன். எட்டுப் பேர்தான். எட்டாமவன் தரம் 7. அவனுடைய ஜேர்சி முழங்காலைத் தொட்டது, இலக்கம் காற்சட்டைக்குள் போய்விட்டது. சப்பாத்து அண்ணனுடையது, முன்பக்கத்தில் கடதாசி அடைத்திருந்தான். இடைவேளை வரை தாக்குப் பிடித்தார்கள், அதுவே பெரிய காரியம். அப்புறம் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது, இன்னொருவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஆறு பேர். ஒரு பக்கத்தில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடர முடியாது என்பது உலகம் முழுக்க உள்ள சட்டம், நடுவர் விசிலை ஊதிவிட்டார். அவரில் பிழையில்லை. எதிரணிப் பையன்களும் பஸ் ஏறி வந்து பாதி ஆட்டத்தோடு நின்றார்கள். அவர்களுடைய பீ.டீ. சேர் நல்ல மனுசன். "சரி, கலந்து நின்று ஆடுங்கடா" என்றார். தன் பையன்களில் மூன்று பேரை எங்கள் பக்கம் அனுப்பினார். பஸ் வரும் வரைக்கும் ஆடினார்கள். அன்றைய நல்ல ஆட்டம் அதுதான், ஆனால் அது எந்தப் பதிவிலும் இல்லை.

இதே சிக்கல் வந்த வேறு நாட்டுக்காரர் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் பெரும்பாலும் விவசாயப் பூமி. அங்கே 1934 இல் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர், பதினொரு பேர் தேறாத சின்ன உயர்நிலைப் பள்ளிகளுக்காக அவர்கள் நாட்டு ஃபுட்போலை ஆறு பேர் ஆடும்படி மாற்றினார். டெக்சாஸின் சின்ன ஊர்ப் பள்ளிகளில் இன்றும் அந்த ஆறு பேர் ஆட்டம் நடக்கிறது. அதோடு, அந்த நாட்டின் பல மாநிலங்களில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரே அணியை இறக்கலாம். இரண்டு பள்ளி நிர்வாகமும் ஒத்துக்கொண்டு, மாநில விளையாட்டுச் சங்கத்திடம் அனுமதி எடுக்க வேண்டும். அதில் எனக்குப் பிடித்தது ஒரு விதி. இரண்டு பள்ளி மாணவர் தொகையையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு ஏற்ற பிரிவில்தான் அணியை விடுவார்கள். சேர்ந்து பெரிதாகிவிட்டு, சின்னப் பள்ளிகளோடு மோதி ஜெயிக்க முடியாது.

எங்கள் நாட்டுக்கும் பிரிவு புதிதல்ல. பாடசாலைக் கிரிக்கெட்டில் டிவிஷன் பிரித்து ஆட வைக்கிறோம்தானே?

சரி, நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகளுக்கு வருகிறேன். உங்களுக்கு முன்னால் எங்கள் சங்கக் கூட்டத்திலேயே அவை வந்துவிட்டன.

பெரிய பயம் இது: இன்றைக்கு அணியைச் சேர்ப்பார்கள், நாளைக்கு "ஒன்றாக விளையாடுகிறீர்கள்தானே, ஒன்றாகப் படியுங்கள்" என்று பள்ளிக்கூடத்தையே மூடுவார்கள். ஒரு அம்மா எழும்பி இதைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பயம் நியாயமானது. சின்னப் பாடசாலைகளை மூடுவது பற்றிய பேச்சு நாட்டில் அடிக்கடி எழும்புகிறது. ஆகவே சுற்றறிக்கை ஒன்று வருமானால், கூட்டு அணியைக் காரணம் காட்டி எந்தப் பாடசாலையையும் இணைக்கவோ மூடவோ மாட்டோம் என்ற வரி அதில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் பெற்றோர் கையெழுத்து வைக்க மாட்டார்கள். நானும் வைக்க மாட்டேன்.

அடுத்தது, பெரிய பாடசாலைகள் இதைப் பிடித்துக்கொண்டு கிராமத்து நல்ல வீரர்களை அள்ளிவிடும் என்பது. இப்போது மட்டும் என்ன நடக்கிறது? நன்றாக ஆடுகிற பையனுக்கு விடுதியும் சப்பாத்தும் தருகிறோம் என்று ஆள் வருகிறது, பையன் போய்விடுகிறான், எங்களுக்கு ஒருவன் குறைகிறான். கூட்டு அணி இருந்தால் அவன் ஊரிலேயே நிற்க ஒரு காரணம் கிடைக்கும். தனியாக அணி தேறுகிற பாடசாலைக்கு இந்த அனுமதி வேண்டாம். மாணவர் தொகைக்கு ஒரு மேல் எல்லை வையுங்கள், பிரச்சினை முடிந்தது.

தவணை விஷயம் கொஞ்சம் சிக்கல்தான். தோப்பூர்ப் பக்கத்தில் தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் அடுத்தடுத்து இருக்கின்றன, சேர்வதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை, தமிழ்ப் பாடசாலைகளின் நாட்காட்டி வேறு. நோன்பு வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருவதால் ஒருமுறை போட்ட அட்டவணை அடுத்த வருடம் உதவாது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியும் சரிவராது. போட்டித் தேதிகளை முன்கூட்டியே அறிவித்தால் மற்றதை இரண்டு அதிபர்களும் பேசி முடித்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்துக் கடைகளிலும் வயல்களிலும் அப்படிப் பேசித்தானே எல்லாம் நடக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். வலைப்பந்தாட்டத்துக்கு ஏழு பேர் போதும், கபடிக்கும் ஏழு. ஆனாலும் பல பாடசாலைகளில் பெண்கள் அணி இல்லை. ஆட்கள் இருந்தாலும் கூட்டிப் போக ஆசிரியை இல்லை. இரண்டு பாடசாலை சேர்ந்தால் ஒரு ஆசிரியையாவது கிடைப்பார். பயிற்சி ஒரு கிழமை இங்கே, ஒரு கிழமை அங்கே என்று மாறி மாறி நடந்தால், எங்கள் வீட்டு அம்மாமார் அரை மனத்தோடாவது அனுப்புவார்கள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம். இல்லாவிட்டால் ஓட்டோ பிடிக்க வேண்டும், அந்தக் காசுக்கு வீட்டில் ஒரு நாள் கறி முடியும்.

பொறுப்பு யாருக்கு என்பதற்கு ஒரு பாடசாலையை முதன்மைப் பாடசாலையாக எழுதிக்கொள்ளலாம். அணியைப் பதிவதும் கூட்டிப் போவதும் அதன் வேலை. ஆனால் சான்றிதழில் பிள்ளை படிக்கிற பாடசாலையின் பெயரும் இருக்க வேண்டும். ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியற் கல்லூரிக்கு உடற்கல்விப் பாடநெறிக்கு விண்ணப்பிக்கும்போது விளையாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் அந்த இடத்தில் பாடசாலைக்குள்ளேயே நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டியில் வாங்கிய தாளைத்தான் நீட்டுகிறார்கள். ஓட்டமும் பாய்ச்சலும் தனி ஆளாகச் செய்யலாம் என்பதால் மெய்வல்லுநர் போட்டியில் சிலர் தப்பிக்கிறார்கள். பந்து பிடித்தவனுக்குத்தான் வழியில்லை.

மாகாணம் முழுக்க ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு வலயத்தில், ஒரு வருடத்துக்கு, 16 வயதுக்குட்பட்ட ஆண்கள் உதைபந்தாட்டத்திலும் பெண்கள் வலைப்பந்தாட்டத்திலும் மட்டும் விட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் நிறுத்துங்கள், நாங்கள் மறியல் செய்ய வரமாட்டோம். அடுத்த வருடப் பதிவுப் படிவங்கள் அதிபர்மாருக்கு வருவதற்கு முன்னால் முடிவு தெரிந்தால் நல்லது. படிவத்தில் பாடசாலையின் பெயர் எழுத இப்போது ஒரு வரிதான் இருக்கிறது, இன்னும் ஒன்றிரண்டு கூட்டிவிடுங்கள். பந்தும் வலையும் நாங்கள் வாங்குவோம்.

இப்படிக்கு,
மூதூர், வெருகல் பக்கத்துப் பெற்றோரில் ஒருவன்