பட்டப்பகல் திகில்

ஆசிரியர் அவர்களுக்கு,

திகில் படம் என்றாலே இருட்டும் ரத்தமும்தான் என்பவர்கள் 1973-இல் வந்த பிரிட்டிஷ் படம் ‘தி விக்கர் மேன்’ பார்க்கட்டும். பேயே கிடையாது. பெரும்பாலும் பட்டப்பகலில், பாட்டும் கூத்துமாக நடக்கிறது. காணாமல் போன சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றுக்கு வரும் போலீஸ்காரர் ஹோவி தீவிர கிறிஸ்தவர்; ஊராரோ பழைய தெய்வங்களைக் கும்பிடுபவர்கள். யாரும் அவரை முறைப்பதில்லை, சிரித்தபடி பொய் சொல்கிறார்கள். அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. தீவின் பிரபுவாக வரும் கிறிஸ்டோபர் லீயிடம்தான் எத்தனை மரியாதை! (அவர் ரத்தக்காட்டேரி டிராகுலாவாக நடித்ததெல்லாம் இதற்கு முன்னால் சும்மா.) முடிவைச் சொல்லமாட்டேன். 2006-இல் அமெரிக்கர்கள் மறுபடி எடுத்ததை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள், சரியா?

– வாசகர், மதுரை