கருத்தாளராகப் போகும் தோழிக்கு

ஜமுனாமரத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தோழி,

உன் கடிதம் கிடைத்தது. தொடக்கப்பள்ளி ஆங்கிலத்துக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கருத்தாளராக உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு மூட்டு வலி இப்போது தேவலாம். பெரியவன் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறான். மற்றபடி இங்கே எல்லோரும் நலம்.

மலையில் இருக்கிற உங்களுக்கு இணையவழிப் பயிற்சியால் உண்மையிலேயே ஏதாவது கிடைத்ததா என்று கேட்டிருந்தாய். கிடைத்தது. 2020 அக்டோபரில் நிஷ்தா என்ற ஆசிரியர் பயிற்சி தீக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்துக்கு வந்தபோது அதன் 18 பாடக் கட்டகங்களையும் உட்கார்ந்து முடித்தேன். அதற்கு முன்பெல்லாம் பயிற்சி என்றால் பஸ் பிடித்து வட்டார வளமையம் போக வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கிளம்பிவிட்டால் இன்னொருவர் தலையில் ஐந்து வகுப்பும். அந்தப் பாடு குறைந்தது பெரிய விஷயம். அதைவிடப் பெரிது, புரியாததை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிப் போட்டுக் கேட்கலாம் என்பது. நாமெல்லாம் தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர்கள். நாலு பேர் முன்னால் கேட்கக் கூசுகிற உச்சரிப்புச் சந்தேகத்தைத் தனியாக இருந்து தீர்த்துக்கொள்ள முடிகிறது.

ஒன்று சொல்கிறேன் கேள். குண்டூசிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘பின்’ (pin), குப்பைத்தொட்டிக்குச் சொல்லும் ‘பின்’ (bin) இரண்டும் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றாகவே கேட்டன. ஒரு காணொலியில் உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லிக் காட்டினார்கள். குண்டூசிக்குத் தாள் படபடக்கும், குப்பைத்தொட்டிக்கு அசையாது. மறுநாளே பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு துண்டுத் தாள். ஊதித் தள்ளிவிட்டார்கள்! ஆனால் குப்பைத்தொட்டி மட்டும் வாயில் வரவே இல்லை. அப்புறம் சுற்றுப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்தான், “தம்பி, அம்பு, கம்பு என்று சொல்லச் சொல்லுங்கள் டீச்சர், அந்த ஒலி அவர்கள் வாயிலேயே இருக்கிறது” என்றார். சொல்லின் நடுவில் தானாக வருவதை முதலுக்குக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. ‘தம்பி’யை இழுத்துச் சொல்லி, ‘தம்’மை விட்டுவிட்டு மீதியை மட்டும் சொல்லவைத்தேன். வந்துவிட்டது.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். காணொலி பாதி வேலையைத்தான் செய்யும். வகுப்பில் செய்து பார்த்துவிட்டு வந்து ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசும்போதுதான் மீதி நடக்கிறது. அந்தப் பேச்சுக்கு இடம் வைக்காத பயிற்சிகளில் என்ன நடக்கிறது என்று நீயும் பார்த்திருப்பாய். படம் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும், வினாடி வினாவுக்கு விடை வாட்ஸ்அப்பில் வந்துவிடும், சான்றிதழும் வந்துவிடும். இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எமிஸ் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவது ஒரு பக்கம், இத்தனை தேதிக்குள் முடி என்ற அவசரம் ஒரு பக்கம். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் ஆசிரியர் பயிற்சி என்கிறது. அதில் ஆசிரியர் வாய் திறந்து பேசுகிற நேரம் எவ்வளவு என்று யாராவது கணக்கு எடுத்தால் நன்றாக இருக்கும்.

அதனால் உன் பயிற்சியில் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு உத்தி போதும். அதை வகுப்பில் செய்துவிட்டு, பிள்ளைகள் எங்கே தடுக்கினார்கள் என்று ஒரு நிமிடம் பேசி அனுப்பச் சொல். எழுதச் சொல்லாதே, எழுதினால் எல்லோரும் ‘சிறப்பாக இருந்தது’ என்றுதான் எழுதுவார்கள். மாதிரி வகுப்பை ஒரே வகுப்புப் பிள்ளைகளை வைத்து எடுக்காதே. எங்கள் அறையில் மூன்று வகுப்பு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் வந்ததிலிருந்து பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்தி எங்களுக்குப் பழக்கம்தான், அதை வைத்தே காட்டு. டவர் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தீக்‌ஷா செயலியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் பார்க்கலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடு, இங்கே பலருக்கு அது தெரியாது.

சரி, உன் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பதைக் கொஞ்சம் பதிவு செய்து அனுப்பு. என் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிவிட்டு அவர்கள் வாசிப்பை உனக்கு அனுப்புகிறேன். பயிற்சி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று எழுது. சனிக்கிழமை என்றால் நானும் சேர்ந்துகொள்வேன்.

அன்புடன்,
உன் தோழி